ஒரே மோகம், இரண்டு கூலி

ஒரு நாவல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே நாவல் ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்கிறது. கதைக்குள் வரும் கணவனோ மாமியாரோ செய்யும் அநியாயத்தை நான் சொல்லவில்லை. அதைக் காட்டுவது நாவலின் வேலை. நாவலே செய்யும் அநியாயத்தைச் சொல்கிறேன். ஒருத்தியைக் கூப்பிட்டு, வேலை வாங்கிக்கொண்டு, கணக்குத் தீர்க்காமல் அனுப்பிவிடுவது. அப்படியொரு புத்தகத்தை நேசிக்கலாமா? நேசித்தால் அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வி எனக்குள் வரக் காரணம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. அதைப் பேசுவதற்கு முன் நான் எங்கிருந்து வாசிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குத்தாலத்துக்காரி. அருவி விழும் குற்றாலம் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. அருவி இல்லாவிட்டாலும் எங்கள் சாலைக்கு வேறொரு பெருமை உண்டு. அதன் கிழக்கு முனையில் மாயூரம். அங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். மாயூரத்துக்கும் குத்தாலத்துக்கும் நடுவே மூவலூர். அந்த ஊரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட இராமாமிர்தம் அம்மையார், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். மேற்கு முனையில் கும்பகோணம், 'மோகமுள்' நடக்கும் ஊர். அதை எழுதியவரோ, வானொலி வேலைக்குப் போவதற்கு முன் அய்யம்பேட்டையிலும் எங்கள் குத்தாலத்திலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று நாவல்கள். மூன்றிலும் பெண்கள்தான் கதையை நகர்த்துகிறார்கள். இரண்டைக் கிளாசிக் என்கிறோம். மூன்றாவது, பெண் எழுதியது, ஆய்வாளர்களின் அலமாரியில் இருக்கிறது.

'மோகமுள்' 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. பாபு என்ற இளைஞன், தன்னைவிடப் பத்து வயது மூத்தவளான யமுனாவை நினைத்து உருகுகிறான். யமுனாவின் தாய் மராத்தியப் பெண், ஒரு பிராமண மிராசுதாரரின் இரண்டாம் துணைவி. அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி யமுனாவுக்கு வரும் வரன்களெல்லாம் தட்டிப்போகின்றன. பாபு அவளைத் தெய்வமாகப் பார்க்கிறான். இசை அவனுக்கு இன்னொரு தெய்வம்; ரங்கண்ணா என்ற குருவிடம் போய்ச் சேர்கிறான். வேண்டியது இரண்டும் கைக்கு எட்டாமல் அவன் தவிக்கும் தவிப்பே நாவல்.

எனக்கு இந்த நாவல் ஏன் பிடிக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காற்று அதில் வீசுகிறது. மனிதர்கள் பேசிக்கொள்வது பக்கத்துத் திண்ணையில் கேட்பதுபோல இருக்கிறது. தம்புராவின் சுருதியைப் பற்றி எழுதும்போது எழுத்தே மெல்ல அடங்கி அதைக் கேட்கிறது. பெண்களைக் கண் கொட்டாமல் பார்க்கும் எழுத்து அது. அந்தப் பார்வையில் வியப்பு இருக்கிறது; பெண்ணின் கைவேலையை, கோபத்தை, அவள் பேசாமல் இருக்கும் நேரத்தைக்கூடக் கவனிக்கும் பொறுமை இருக்கிறது. சமைப்பவளாகவும் பெறுபவளாகவும் மட்டுமே பெண்ணைக் கண்டு பழகிய வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு பெண்ணை இத்தனை கவனமாகப் பார்க்க முடியும் என்பதே முதல் வாசிப்பில் பெரிய செய்தியாக இருந்தது. கவனிக்கப்படும் சுகம் எளிய சுகம் இல்லை. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கவனம் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். கும்பகோணத்தில் பாபு தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில் தங்கம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். இளம்பெண், கணவனோ கிழவர். அவளுக்குப் பாபுமீது ஆசை. ஒரு இரவு அவளே வருகிறாள். அவன் இணங்குகிறான். அடுத்த நொடியிலிருந்து அவனுக்கு யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்ட வேதனை. தங்கம்மாவைப் பார்க்கவே கூசுகிறான். அவள் மீண்டும் வரும்போது விலக்குகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். அவள் சாவு பாபுவை உலுக்குகிறது. அந்த உலுக்கலோடு கதை மேலே நகர்கிறது.

யமுனாவின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் துக்காம்பாளையத் தெருவில் அவளைத் தேடி நடந்ததாகப் பெருமையோடு சொல்லும் ஆண் வாசகர்களைக் கேட்டிருக்கிறேன். தங்கம்மாவின் வீடு எது என்று ஒருவரும் தேடியதாகக் கேள்விப்படவில்லை.

இருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாபு, தன்னை அப்படி நினைத்திராத ஒருத்தியை விரும்புகிறான். தங்கம்மா, தன்னை அப்படி நினைத்திராத ஒருவனை விரும்புகிறாள். பாபு ஊர் வகுத்த வரம்பை மீறுகிறான்: வயது, சாதி, உறவு. தங்கம்மாவும் மீறுகிறாள். பாபு தன் ஆசையை வாய்விட்டுச் சொல்கிறான். அவளும் தன் வழியில் சொல்கிறாள். யமுனா மறுக்கிறாள்; பாபு காத்திருக்கிறான். பாபு மறுக்கிறான்; தங்கம்மா சாகிறாள். ஆணின் விடாத மோகத்துக்கு நாவல் வைக்கும் பெயர் தவம். அதற்குக் கடைசியில் யமுனாவும் கிடைக்கிறாள், இசையும் கிடைக்கிறது. பெண்ணின் விடாத மோகத்துக்குக் கிடைப்பது சாவு.

எங்கள் வயலில் நடப்பது இதுதான். நடவும் களையெடுப்பும் பெண்கள். வரப்பு வெட்டுவது ஆண்கள். ஒரே சேறு, ஒரே வெயில். பொழுது சாய்ந்தால் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் "அது வேற வேலை, இது வேற வேலை" என்ற ஒரு சொல்லால் சட்டத்தை வரப்பிலேயே நிறுத்திவிடலாம். நாவலைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. பாபுவின் ஆசை வேறு, தங்கம்மாவின் ஆசை வேறு. அவனுடையது ஆன்மாவின் தாகம், அவளுடையது உடம்பின் பசி. யார் பிரித்தது? பாபுவின் தாகமும் உடம்பில்தான் போய் முடிகிறது. தங்கம்மாவின் பசியில் ஆன்மா இல்லை என்று அவளிடம் கேட்டறிந்தவர் யார்?

எனக்கு ஒரு பெரியம்மா உண்டு. இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டு வந்தவர். கணவருக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் படிப்பார். கிளை நூலகத்திலிருந்து 'மோகமுள்'ளைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"புடிச்சிதா பெரியம்மா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான். அந்தப் பொண்ணு தங்கம்மா, அவளைக் கெழவனுக்குக் கட்டிக்கொடுத்தாங்கல்ல? அன்னிக்கு அவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களாடி?"

யமுனாவைப் பற்றியோ பாபுவின் சங்கீதத்தைப் பற்றியோ அவர் பேசவே இல்லை. ஆயிரக்கணக்கான விமர்சனப் பக்கங்கள் சுற்றி வந்தும் கண்டுகொள்ளாத கேள்வியை அவர் அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டார். இந்தக் கேள்வி வந்ததும் பழியின் இடம் மாறுகிறது. தங்கம்மா செய்த தவறு என்ன, பாபு செய்த தவறு என்ன என்று எடை போட்டுக்கொண்டிருந்த நாம், அந்த இரவுக்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்ட ஒன்றைப் பார்க்கிறோம். 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றது. மாப்பிள்ளைக்குக் குறைந்த வயது வைத்தது. அதிக வயது என்று ஒன்று வைக்கவில்லை. ஒரு கிழவர் ஓர் இளம்பெண்ணை மணப்பதில் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஒரு இளைஞனின் கதவைத் தட்டும்போதுதான் எல்லோருக்கும் ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது.

இங்கே சில மறுப்புகள் வரும். அவற்றை மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதல் மறுப்பு: நாவல் சமூகத்தில் நடப்பதைக் காட்டுகிறது, அன்று தங்கம்மாக்கள் அப்படித்தான் செத்தார்கள், எழுத்தாளர் என்ன செய்வார்? ஒரு பெண் கதையில் சாவதையே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. தால்ஸ்தோயின் அன்னா கரீனினாவும் தற்கொலைதான் செய்துகொள்கிறாள். ஆனால் அவளுடைய கடைசி மணி நேரத்தில் தால்ஸ்தோய் அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை. வண்டியில் போகும்போது அவள் கண்ணில் படும் கடைப் பலகைகளைக்கூட அவளோடு சேர்ந்து நாம் படிக்கிறோம். ஃப்ளாபேரின் எம்மா பொவாரி விஷம் தின்று சாகும்போது அந்தக் கசப்பு நம் நாக்கிலும் ஏறுகிறது. அந்த ஆண்களும் ஆசைப்பட்ட பெண்களைக் கொன்றார்கள்தான். கொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம்மாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நாவல் பாபுவோடு இருந்துவிடுகிறது. அவளுடைய சாவு அவனுக்கு என்ன செய்தது என்பதுதான் நமக்குத் தெரிய வருகிறது.

இரண்டாவது மறுப்பு: ஒரு நாவலில் எல்லாருக்கும் சம அளவு இடம் தர முடியாது, துணைப் பாத்திரம் என்று ஒன்று உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் துணைப் பாத்திரம் ஆகிறார்கள் என்பது தற்செயல் இல்லை. சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' 1847இல் வந்தது. அதில் மாடி அறையில் பூட்டி வைக்கப்பட்ட 'பைத்தியக்கார' மனைவி பெர்த்தா செத்தால்தான் ஜேனின் திருமணம் நடக்கும். எழுதியவர் பெண், நாயகி தன்மானம் மிக்கவள், அப்படியும் இன்னொருத்தியின் பிணத்தைத் தாண்டித்தான் மணமேடைக்குப் போக முடிந்தது. கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரிஸ் அதை ஏற்கவில்லை. 1966இல் 'வைட் சர்காசோ ஸீ' எழுதி, மாடி அறைக்கு வருவதற்கு முந்தைய வாழ்க்கையைப் பெர்த்தாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். அவர் 'ஜேன் ஐர்' படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதில் யாருடைய பாக்கி நிற்கிறது என்று எழுதிக் காட்டினார்.

அதே 1966இல் ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' வந்தது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். இந்த நாவலில் இந்து என்ற இளம் விதவை, வேத பாடசாலையில் படிக்கும் அப்புவை விரும்புகிறாள்; அதை அவனிடம் சொல்லவும் செய்கிறாள். விதவை, அதுவும் வேதம் ஓதும் இடத்தில். அவளை நாவல் கொல்லவில்லை. அப்பு அவளிடமே திரும்பி வருகிறான். தங்கம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட கூலியை ஜானகிராமன் இந்துவுக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. அப்புவின் தாய் அலங்காரம், கணவனைத் தவிர இன்னொருவரோடு உறவு கொண்டவள், காசிக்குப் போகிறாள். தாகூரின் 'சோக்கேர் பாலி'யில் ஆசைப்பட்ட விதவை பினோதினியும் காசிக்குத்தான் போகிறாள். அந்த முடிவுக்காகத் தாகூர் பிற்பாடு வருந்தினார் என்று சொல்வார்கள். ரயில் தண்டவாளம், விஷம், காசி: ஆசையைச் சொன்ன பெண்ணை என்ன செய்வது என்று தெரியாதபோது நாவல்கள் அனுப்பி வைக்கும் ஊர்கள் இவை. ஆசைப்பட்ட ஆண் எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. போனால் பாபுவைப்போல இசை கற்க வடக்கே போகலாம்.

இனி யமுனா. அவளைப் பற்றிப் பேசுவது இன்னும் கடினம். ஏனென்றால் அங்கே நாவல் தன் நாயகனைவிட அதிகம் தெரிந்துவைத்திருக்கிறது.

பாபு முதலில் தன் விருப்பத்தைச் சொன்னபோது யமுனா மறுக்கிறாள். ஆண்டுகள் போகின்றன. அப்பா இல்லை, வந்துகொண்டிருந்த ஆதரவும் வற்றிவிட்டது. பட்டினியின் விளிம்புவரை போன பிறகு அவள் சென்னைக்கு வந்து பாபுவின் முன் நிற்கிறாள். அவன் உதவுகிறான். அதன் பிறகுதான் அவள் இணங்குகிறாள். பல வாசகர்களுக்கு இது காத்திருப்பின் வெற்றி. எனக்கு ஒவ்வொரு முறையும் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. பசிக்கு முன் 'மாட்டேன்' என்ற பெண், பசிக்குப் பின் 'சரி' என்கிறாள். இரண்டாவதைச் சம்மதம் என்று அழைக்கலாமா? பாபு கட்டாயப்படுத்தவில்லை, உண்மைதான். அவன் நல்லவன், கைம்மாறு கேட்கவில்லை. ஆனால் கேட்காமலே கொடுத்தாக வேண்டும் என்று ஒருத்தி உணரும் நிலையை நன்றிக்கடன் என்கிறோம். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இந்தக் கடனை உடம்பால் அடைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லாமலே நமக்குத் தெரியும். படிக்க வைத்த மாமாவுக்குக் கழுத்தை நீட்டியவள், "கஷ்டத்துல கைகொடுத்த மனுஷன்" என்பதற்காகவே ஒருவரோடு வாழ்ந்து முடித்தவள் என்று எங்கள் தெருவிலேயே எண்ணலாம்.

அந்த இரவுக்குப் பிறகு யமுனா பாபுவிடம் கேட்கும் சின்னக் கேள்வி தமிழ் வாசகர்களிடையே பேர்போனது. இத்தனை ஆண்டுத் தவமும் எதற்காக என்பதை அது ஒரே மூச்சில் அம்பலமாக்கிவிடுகிறது. ஆண்கள் அதைத் தத்துவமாகப் படிக்கிறார்கள்: மோகம் நிறைவேறியதும் வெறுமை. நான் அதைக் கணக்குக் கேட்பதாகப் படிக்கிறேன். தெய்வமாக்கப்பட்ட ஒருத்தி பீடத்திலிருந்து இறங்கி வந்து, இதற்காகவா என்னை அங்கே ஏற்றி வைத்தாய் என்று விசாரிக்கிறாள். அந்த இடத்தில் ஜானகிராமன் பாபுவின் பக்கம் நிற்கவில்லை. தன் நாயகனின் மோகத்தைத் தானே குத்தும் முள்ளாக யமுனாவின் குரலை விட்டுவைத்திருக்கிறார். இந்த நாவலை என்னால் தூக்கி எறிய முடியாமல் போவது இந்த இடத்தால்தான். யமுனாவுக்குக் கேள்வி கேட்க வாய் கொடுத்த அதே எழுத்து, தங்கம்மாவுக்கு அதைக் கொடுக்காமல் போனது என் மனசில் உறுத்திக்கொண்டே இருப்பதும் இதனால்தான். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் அந்த வீட்டுக்குள் அவர் போகவில்லை.

இப்போது கிழக்கு முனைக்கு வருவோம். முன்சீப் வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக வாதாடியவர். நாவலுக்கு முன்பே பெண்களுக்காகப் 'பெண்மதி மாலை' பாடியவர். அவருடைய ஞானாம்பாள் கணவன் பிரதாப முதலியாரைவிட எல்லா வகையிலும் கெட்டிக்காரி. காணாமல்போன கணவனைத் தேடி ஆண் உடையில் புறப்படுகிறாள். ஒரு ஊரில் பட்டத்து யானை அவளுக்கு மாலையிட, அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதி வழங்குகிறாள், நிர்வாகம் செய்கிறாள், கணவனையும் மீட்கிறாள். தமிழின் முதல் நாவலிலேயே ஒரு பெண் நாட்டை ஆண்டுவிட்டாள். கணவன் பக்கத்தில் இல்லாதபோதுதான் அவள் முழு உயரத்துக்கு நிமிர்கிறாள் என்பதைக் கவனியுங்கள். பிறகு? அரசை ஒப்படைத்துவிட்டு, ஆண் உடையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளுக்கும் ஒரு இரவாவது அந்தச் சிம்மாசனம் கனவில் வந்திருக்காதா என்று நான் நினைப்பதுண்டு. நாவல் அதைச் சொல்லாது.

உடையைக் கழற்றாத ஒருத்தி இதே தஞ்சைச் சீமையில் வாழ்ந்தார். மணலூர் மணியம்மை, இளம் வயதில் விதவையான பிராமணப் பெண். கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் மேல்சட்டையுமாகப் பண்ணைகளுக்குள் நடந்து, விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். இதே ராஜம் கிருஷ்ணன்தான் இந்த மண்ணின் உழைப்பாளிகளைத் தேடி வந்து 'சேற்றில் மனிதர்கள்' எழுதியவர். 'மோகமுள்'ளில் காவிரி உண்டு, வயல் உண்டு. வயலில் குனிந்து நிற்பவளுக்குப் பெயர் இல்லை. தங்கம்மாவாவது நாவலின் வாசல்வரை வந்து செத்தாள். நடவுக்காரி தெருவுக்குள்ளேயே வரவில்லை. ஒரு கிளாசிக்கில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று கேட்கும்போது இந்த இரண்டாவது கணக்கையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காவிட்டால் நம் பெண்ணியம் அக்கிரகாரத்துத் திண்ணையோடு நின்றுவிடும்.

நடுவில் இருக்கும் மூவலூருக்கு வருகிறேன். 1883இல் பிறந்த இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி மரபில் வளர்க்கப்பட்டவர். இளம் வயதில் அவரை ஒரு முதியவருக்குக் கட்டிவைக்க முயற்சி நடந்ததாகவும், அதை மறுத்துத் தனக்கு இசை கற்றுக்கொடுத்த சுயம்புப் பிள்ளையை மணந்ததாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். என் பெரியம்மாவின் கேள்விக்கு எங்கள் சாலையிலேயே கிடைக்கும் பதில் இது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லைதான். கேட்காமலே அவர் சொன்னார், மாட்டேன் என்று. பிறகு காங்கிரஸில் இருந்தார், பெரியாரோடு வெளியேறினார், 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். பொட்டுக்கட்டுவதை ஒழிக்கப் பாடுபட்டார். அந்தச் சட்டம் 1947இல் வந்தது.

அவருடைய நாவலை ரசித்துப் படித்தேன் என்று சொன்னால் பொய். பாத்திரங்கள் மேடையேறியவர்கள்போலப் பேசுகிறார்கள். கதை நின்று நின்று பிரசங்கம் நடக்கிறது. தொழிலை விடாத தாசிகளிடம் அவருக்கு இரக்கம் குறைவு. அங்கே அவரும் சில பெண்களுக்குக் கணக்குத் தீர்க்கவில்லை. இருந்தும் அதில் ஒன்று இருக்கிறது. பெண்கள் பெண்களிடம் பேசுகிறார்கள், ஆணின் காதில் விழ வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல். தங்கள் உடம்பை வைத்து யார் யார் பணம் பண்ணுகிறார்கள் என்பதை விலாவாரியாக எடுத்து வைக்கிறார்கள். மோகம் என்று ஆண்கள் பாடுவதன் வரவு செலவை அந்த நாவல் திறந்து காட்டுகிறது. 2003இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது வெளியூர்க்காரர்கள் ஆர்வமாகப் படித்தார்கள். எங்கள் பக்கத்தில் அவர் பெயர் அரசின் திருமண உதவித் திட்டத்தால்தான் தெரியும். 2022 முதல் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது. வங்கிக் கணக்கில் பெயரைப் பார்த்த பெண்களில் எத்தனை பேர் அவர் நாவல் எழுதினார் என்று அறிவார்கள்?

அழகாக எழுதப்பட்டு ஒருத்தியைக் கைவிடும் புத்தகம் ஒரு பக்கம். கரடுமுரடாக எழுதப்பட்டு, பேச விடப்படாதவர்களைப் பேச வைக்கும் புத்தகம் இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னிடம் சொன்னால் மறுப்பேன். அழகுக்காக அநியாயத்தை மன்னிப்பது, அநியாயத்துக்காக அழகை மறுப்பது, இரண்டுமே கணக்கைச் சீக்கிரம் மூடிவிடும் வழிகள். கணக்கைத் திறந்து வைத்திருப்பதுதான் வாசகியின் வேலை என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ச் சிவனுக்குச் 'சொன்னவாறு அறிவார்' என்று பெயர். கையைப் பற்ற வந்தவரிடம் அம்பிகை, முறைப்படி வந்து கேள் என்றாளாம்; அவரும் சொன்னபடி வந்து மணந்தாராம். தலபுராணத்திலும் கேட்க வேண்டியது பெற்றோரைத்தான் என்பது வேறு விஷயம். ஆனாலும் சாமியே ஆனாலும் நிற்க வைத்து நிபந்தனை சொல்லலாம் என்று ஒருத்தி நினைத்தாள். தமிழின் பெரிய நாவல்கள்முன் நான் நிற்க விரும்பும் விதமும் அதுதான். பக்தியோடு வருகிறேன், என் நிபந்தனையோடும் வருகிறேன்.

அந்த நிபந்தனையை எளிய ஒரு பழக்கமாகச் சொல்லலாம். நாவலைப் படித்து முடித்ததும், நாயகன் அறையில் இல்லாத நேரத்தில் அதிலுள்ள ஒவ்வொரு பெண்ணும் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். நாவல் பதில் சொன்னால் அது அவளுக்குக் கூலி கொடுத்திருக்கிறது. சொல்லாவிட்டால் அங்கேதான் நாம் சற்று நேரம் தங்க வேண்டும். ஞானாம்பாளைக் கேட்டால் நாடாண்டேன் என்பாள். யமுனாவைக் கேட்டால் பசித்திருந்தேன் என்பாள். தங்கம்மாவைக் கேட்டால் பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலிப் பக்கத்தை நிரப்புவது எழுதுகிறவர்களின் பாடு. ஜீன் ரிஸ்போல யாராவது ஒருத்தி ஒருநாள் செய்யலாம். அங்கே ஒரு பக்கம் காலியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பது வாசிக்கிறவர்களின் பாடு.

என் அண்ணன் மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். போன வாரம் 'மோகமுள்' கேட்டாள். கொடுத்தேன். கூடவே மூவலூர் அம்மையாரின் புத்தகத்தையும் வைத்தேன். "எதை அத்தை மொதல்ல படிக்கறது?" என்றாள். எதை வேண்டுமானாலும் முதலில் படி, தங்கம்மா வரும் பக்கங்களை மட்டும் இரண்டு தடவை படி என்றேன்.